அமாவாசை மீது போட்ட பழி

லீலாவின் வேனில் என்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். புனே பக்கம் தேஹு ரோட்டிலிருந்து நிக்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பழைய வேன்கள் பலவும் அப்படித்தான். குளிர்காலக் காலைகளில் அந்த முன்சீட்டுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். அடியிலிருந்து வரும் கதகதப்புக்காக. "நேத்து தேஜஸ் உக்காந்தான், இன்னைக்கு வைஷு. வாயத் தொறந்தீங்க, ரெண்டு பேரும் பின்னாடிதான்" என்று லீலா பஞ்சாயத்து செய்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள்.

அவள் பிறந்ததே தேஹு ரோட்டில்தான். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ராணுவ டிப்போவில் சுமை தூக்கியவர். பள்ளியில் மராத்தி, கடையில் இந்தி, வீட்டுக்குள் தமிழ் என்று வளர்ந்தாள். கணவன் சபரி வேன் ஓட்டினான். வண்டியில் ஒரு சாமி படம் மாட்டாதவன். "பிரேக் புடிச்சா போதும், சாமி புடிக்கத் தேவையில்ல" என்பான். மகளுக்கு ஆசையாகத் தமிழரசி என்று பெயர் வைத்தான். மகளுக்கு அந்தப் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாது என்பது வேறு கதை. ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்து, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருக்கும்போதே போய்விட்டான்.

காரியம் முடிந்த மறுவாரம் லீலா ஸ்டியரிங்கைப் பிடித்தாள். சபரி இருக்கும்போதே கற்றுக்கொடுத்து லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தான். அப்போது தாலி இல்லாத பெண் வண்டி ஓட்டுவதைப் பற்றி எந்தப் பெற்றோரும் மூச்சு விடவில்லை. வேறு வேன் கிடைக்காத வருடம் அது. தேவை இருக்கிற இடத்தில் சகுனம் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை, வண்டி நின்ற இடத்தில் பச்சையாக ஈரம் கண்டாள். நேரே அமல்ராஜ் கடைக்குப் போனாள். ஸ்டேஷன் பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். சபரியின் சிறுவயதுத் தோழன், லீலாவுக்குத் தம்பி மாதிரி. அவன் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"கூலண்ட் ஒழுகுது அண்ணி, என்ஜின ஆத்துற தண்ணி. தண்ணி போற பைப்பு பம்புல சேர்ற எடத்துல ஒரு ரப்பர் ரிங்கு இருக்கும். அது போச்சு. கம்பெனி ரிங்கு ஆர்டர் போட்டாத்தான் வரும். நாலு நாளு ஆவும்."

"கடையில கெடைக்காதா?"

"கெடைக்கும். எல்லாம் மார்க்கெட் சரக்கு. கம்பெனி டப்பாவையே அச்சடிச்சு வச்சிருக்கான், ஸ்டிக்கர் கூட மின்னுது. உள்ள இருக்கிறது இன்னா ரப்பருன்னு செஞ்சவனுக்கே தெரியாது. சூட்டுல கொஞ்ச நாள் இருந்தா அப்பளமா ஆயிடும்."

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. காத்திருப்பதில்தான் வித்தியாசம். லீலா பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பினாள். உடனே விசாலாக்ஷி கூப்பிட்டாள். தேஜஸின் அம்மா, பேங்க் ஆபீசர். பெற்றோர்கள் சார்பில் பேசுவது எப்போதும் அவள்தான்.

"லீலா, பரீட்சை நேரத்துல நாலு நாளா? எனக்கு இங்க இயர் எண்டிங், தலைக்கு மேல வேலை. ஆட்டோல அனுப்ப யாராலயும் முடியாது. இப்போதைக்கு ஏதாவது போட்டு ஓட்டுங்க, ப்ளீஸ். லீவு விட்டப்புறம் நிதானமா பார்த்துக்கலாம்."

ஏதாவது போட்டார்கள். டப்பாவிலிருந்து எடுத்த ரிங்கை அமல்ராஜ் விரலால் தள்ளியதுமே உள்ளே போய்விட்டது. சரியான ரிங் அப்படிப் போகாது, கொஞ்சம் அடம் பிடிக்கும். அவன் முகம் சுளித்தான். பிறகு சுற்றிலும் பேஸ்டை அப்பினான். "பேஸ்ட் இருக்குது, புடிச்சிக்கும்" என்றான். பேட்டை மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற வேலைதான் அது. ரப்பரின் குறையைப் பசையால் மூடுவது.

பிடித்துத்தான் இருந்தது, கடைசிப் பரீட்சைக்கு முந்தைய நாள் வரை. அன்று மதியம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பழைய ஹைவேயில் திரும்பும்போது சீட்டுக்கு அடியில் உஸ்ஸென்று ஒரு சத்தம். சூடு காட்டும் முள் ஏறுவதற்குள் சீட்டின் ஓரங்களில் ஆவி கிளம்பி வண்டிக்குள் வெள்ளையாக நிறைந்தது. முன்சீட்டில் வைஷு. லீலா வலது கையால் வண்டியை ஓரங்கட்டி, இடது கையைக் குழந்தையின் தொடைக்கு அடியில் கொடுத்து அப்படியே தூக்கித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெந்நீர் அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அடித்தது. பிறகு பின்கதவைத் திறந்து ஒவ்வொருவராக இறக்கி நடைபாதையில் உட்கார வைத்தாள். தேஜஸ் தன் ஜாமெட்ரி பாக்ஸுக்காக அழுதான். ஒரு பிள்ளைக்கும் ஒரு முடி கருகவில்லை. எல்லாரையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். தோல் கழன்றிருந்தது.

அன்று அமாவாசை. யாரோ வீட்டுக் காலண்டரைப் பார்த்துவிட்டார்கள். அதன்பின் யாரும் பிள்ளைகளை லீலாவிடம் அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் தங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் நாற்காலி போட்டுக் கூடினார்கள். லீலா கையில் கட்டுடன் நின்றாள். அமல்ராஜையும் வரச் சொல்லியிருந்தாள். கழற்றிய ரிங் அவன் சட்டைப் பையில் இருந்தது. தட்டையாகி, எலி கடித்த மாதிரி ஓரமெல்லாம் பிய்ந்து கிடந்தது. அதைக் காட்டினால் போதும், தன் பிள்ளைகள் தன்னிடம் திரும்பி வந்துவிடுவார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க லீலா. உங்க மேல எங்களுக்கு மரியாதை இருக்கு. கை எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தாள் விசாலாக்ஷி.

"ஆறிடும் மேடம்."

வைஷுவின் அம்மா சுஷ்மாவுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. மராத்தியில் நேராகவே கேட்டாள்: "அமாவாசை நாள், பூஜை போடாத வண்டி, புருஷன் இல்லாதவள் ஓட்டுகிறாள். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?" அவள் மகளைத் தூக்கிய லீலாவின் கைதான் கட்டுப் போட்டு அவள் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

"பூஜை இல்ல தாயி, ரிங்கு. அமல், எடுத்துக் காட்டு."

எல்லாரும் அமல்ராஜைப் பார்த்தார்கள். அங்கே நின்ற கார்களில் பாதி அவன் கடைக்கு வருபவை. அவன் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது.

"வண்டின்னா சில சமயம் அப்படித்தான் மேடம். இன்னா காரணம்னு சொல்ல முடியாது" என்றான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான், "நேரம்."

"பையில இருக்கிறத எடு அமல்."

அவன் எடுக்கவில்லை.

"நாலு நாளு கேட்டேன் மேடம். நீங்கதான் ஏதாவது போட்டு ஓட்டுன்னீங்க" என்றாள் லீலா.

விசாலாக்ஷியின் முகம் சிவந்தது. "அப்போ எங்க பிள்ளைங்களை நாங்களே கொல்லப் பார்த்தோம்னு சொல்றீங்களா?"

அந்த ரிங் வெளியே வந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர். பிள்ளைகள் ஏறும் வண்டிக்குப் போலி ரப்பரை அச்சடித்த டப்பாவில் விற்பவன், அதைத் தெரிந்தே மாட்டியவன், அவசரப்படுத்திய படித்தவர்கள். அமாவாசை என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அமாவாசையைக் கூண்டில் ஏற்ற முடியாது. விதவையை ஏற்றலாம்.

தீர்ப்பும் கருணையோடுதான் வந்தது. வண்டிக்குப் பூஜை போட வேண்டும். ஓட்டுவதற்கு ஓர் ஆணை வைத்துக்கொள்ள வேண்டும். லீலா பின்னால் உட்கார்ந்து மௌஷியாக, அதாவது ஆயாவாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். லீலா திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

"ஒத்துக்கிட்டு இருக்கலாம்ல அம்மா. ஏக் பூஜா ஹீ தோ ஹை, ஒரு பூஜைதானே" என்றாள் தமிழரசி.

"பூஜை போட்டா போடட்டும்டி. நான் ஒத்துக்கினா, அன்னைக்கு நடந்தது என்னாலதான்னு ஆயிடும். அப்புறம் அத யாரு கழுவறது?" சொல்லிவிட்டு அவள் அழுதாள். வேலை போனதற்காக மட்டும் இல்லை. லீவு முடிந்து பள்ளி திறந்ததும் வைஷு எந்த சீட்டில் உட்காருவாள் என்று நினைத்து அழுதாள்.

பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கு வேறு வேன் வந்தது, அதே மாடல். லீலா புனேயின் மறுகோடியில் இருக்கும் ஹடப்சருக்குப் பார்சல் பெட்டிகள் ஏற்ற ஆரம்பித்தாள். பெட்டிகள் சண்டை போடுவதில்லை. வண்டிக்குள் அந்த அமைதி அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு காலை அமல்ராஜ் வந்தான். உள்ளங்கையில் ஒரு சின்ன டப்பா.

"கம்பெனி ரிங்கு வந்துடுச்சு அண்ணி. இந்த வாரம்தான் ஆர்டர் போட்டேன்." அவள் கைத் தழும்பைப் பார்க்காமல் பேசினான். "டூப்ளிகேட் போட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னா கடைக்கு யாரு வருவா? வீட்டுல ஸ்டெல்லா எங்கிட்ட பேசறதே இல்ல, பொண்டாட்டியே. சபரி இருந்தா செருப்பாலயே அடிச்சிருப்பான்."

"ஆமா, அடிச்சிருப்பான்" என்றாள் லீலா. பிறகு கேட்டாள், "பிள்ளைங்க போற அந்த வண்டிக்கு வேலை பாக்குறது யாரு?"

"நான்தான்."

"அதுல இன்னா ரிங்கு இருக்குது?"

டப்பாவை மூடித் திறந்துகொண்டே, "இப்போதைக்கி ஓடுது அண்ணி" என்றான்.

"இன்னொன்னு எப்ப வரும்?"

"ஆர்டர் போட்டா அதே நாலஞ்சு நாளு."

"அப்ப இத அந்த வண்டியில போடு."

"உங்க வண்டி? அதுல இருக்கிற மார்க்கெட் ரிங்கும் ஒழுகுதே."

"நான் பெட்டிதானே ஏத்தறேன். பெட்டி வெந்தா எந்த அம்மாவும் அழ மாட்டா. போ, இன்னைக்கே போடு. பேஸ்ட் பூசாத."

அவள் பெட்டிகளை ஏற்றத் திரும்பிவிட்டாள்.

அந்தப் புது வேனின் முன்னால் சனிக்கிழமைதோறும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பிள்ளைகள் நல்லபடியாகப் போய் வருவதற்கு அதுதான் காரணம் என்று சுஷ்மா எல்லாரிடமும் சொல்கிறாள். அமல்ராஜ் இன்றுவரை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அமல்ராஜ் டப்பாவோடு வந்துபோன அன்று ஹடப்சர் போகும் வழியில் லீலா இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினாள். என்ஜின் ஆறும்வரை ரோட்டோரத்தில் நின்று, கேனிலிருந்த தண்ணீரை ஊற்றி, மறுபடி ஏறி ஓட்டினாள்.