கண்ணாடிக் கூரைக்குள் ஒரு காடு

சூசைதாசன் அண்ணையின் அகதி விண்ணப்பத்துக்கு ஒன்பது வருடமாக முடிவு வரவில்லை. அனுமதிக் கடிதம் இல்லாமல் அவர் ஜெர்மனியின் ஹம் நகரப் பகுதியைத் தாண்டக்கூடாது. ஆனாலும் மகள் லவினியா கெஞ்சியதால், எங்கள் தேவாலயச் சுற்றுலாவில் கடிதமில்லாமலே அடுத்த மாநிலத்துக்கு வந்துவிட்டார்.

அங்கே கண்ணாடிக் கூரைக்குள் ஒரு மழைக்காடு வளர்த்திருந்தார்கள். குட்டி ரயிலில் நாங்கள் மரங்களைப் பார்த்தோம். அவர் சீருடைகளைப் பார்த்தார். கேபிள் காரில் சீருடைக் காவலாளி ஒருவரும் எங்களோடு ஏறினார்.

"எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"ஹம்!" என்றாள் லவினியா பெருமையாக.

அண்ணை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தூரம்தான்," என்ற காவலாளி, கீழே அருவியைக் காட்டினார்.

இறங்கியதும் அண்ணை என்னிடம், "தங்கச்சி, நான் ரயில் ஸ்டேசனுக்குப் போறன். இனி இங்க நிக்க ஏலாது," என்றார்.

"அப்பா, இன்னொருக்கா!" என்று லவினியா கையை இழுத்தாள்.

அவர் காவலாளியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேபிள் கார் வரிசையில் போய் நின்றார்.