அணிலுக்குப் பின்னால்

என் போனில் மனிதர்களை விட அணில்களே அதிகம். அணில்கள் என்றா சொன்னேன்? ஒரே அணில்தான். கச்சான் கடலை கொறிக்கும்போது ஒரு முகம். கச்சான் தீர்ந்ததும் பந்தியில் இடம் கிடைக்காதவர் போல ஒரு முகம். மைனாவைக் கண்டால் வாலை உதறி ஏசும் இன்னொரு முகம். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். "அம்மா, உங்கட படமொண்டு அனுப்புங்கோ" என்று கனடாவிலிருந்து மகள் கேட்பாள். நான் அணிலை அனுப்புவேன். என்னை நானே எடுத்தால் மூக்கு மட்டும் முன்னே வந்து நிற்கிறது. எடுத்துத் தர வீட்டில் வேறு ஆளில்லை.

அணிலின் பாதை கேபிள் வயர். எதிர்க் கட்டடத்துப் பல்கனியில் புறப்பட்டு, ஒழுங்கைக்கு மேலால் ஓடி என் பல்கனிக் கம்பிக்கு வரும். போன் திரையில் எதைத் தொடுகிறோமோ அதுதான் தெளிவாக விழும். அணிலைத் தொட விரல் தவறினால் அது புகையாகிவிடும், பின்னால் இருக்கிற சுவர் பளிச்சென்று நிற்கும். அப்படிப் பிழையாகிப்போன ஒரு படத்தை அழிக்கப் போனபோதுதான் கண்டேன். எதிர்ப் பல்கனியில் வெள்ளைப் பெனியன் போட்ட ஒருவர், என் வயதுக்காரர், போனைத் தூக்கி இதே அணிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் வேறொன்று உறைத்தது. அவருடைய படங்களில் அணிலுக்குப் பின்னால் நான் நிற்பேன். கணவர் போன பிறகு என்னை யாராவது எடுத்த படம் உலகத்தில் இருக்கிறதென்றால், அது அந்தப் போனுக்குள்தான் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெட்கம் கெட்ட ஆசைதான்.

கேட்டிருக்கலாம். ஆனால் அவரும் தனி ஆள், நானும் தனி ஆள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பின்னேரங்களில் தலையசைப்போம், அவ்வளவுதான். அணில் மட்டும் இரண்டு வீட்டுக் கச்சானையும் தின்று கொழுத்தது.

போன மாதம் ஒரு காலை, எதிர் வாசலில் பெரிய பெட்டிகளோடு வேன் நின்றது. பல்கனியில் அவர், சப்பாத்தும் நீளக் கால்சட்டையுமாக. முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அம்மா! நான் மகனிட்ட ஒஸ்ரேலியாவுக்குப் போறன். இனி வரமாட்டன். உங்கட படமொண்டு இருக்கு. நம்பரைச் சொல்லுங்கோ, அனுப்பிவிடுறன்!"

கீழே மீன்காரர் தராசைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். அவரைச் சுற்றி நின்ற பெண்களும் நிமிர்ந்தார்கள். புருஷன் இல்லாத ஒருத்தி தன் நம்பரை ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவதா? உள்ளே போய்விடலாம் என்று கதவுப் பக்கம் திரும்பியும் விட்டேன். வேன்காரன் ஹோர்ன் அடித்தான்.

சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாகக் கத்திச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் போனது.

"கடைசி நம்பர் கேக்கேல்லை!"

"ஏழாம் ஐயா! அக்கா ஏழு எண்டு சொன்னவ!" என்று கீழிருந்து மீன்காரர் கத்தினார்.

வேன் காலி வீதிப் பக்கம் திரும்பிய பிறகு படம் வந்தது. வயரில் அணில் வெறும் புகை. வால் எது, தலை எது என்று தெரியவில்லை. பின்னால் நான் நிற்கிறேன். நரைமயிர் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குத் தெளிவு, வாய் நிறையச் சிரிப்பு. அணிலைப் பார்த்து அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவருக்கும் என்னைப்போல விரல் தவறியதா, இல்லை என்னைத் தொட்டுத்தான் எடுத்தாரா? வெட்கத்தை விட்டு வட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். அங்கே போய் சிம்மை மாற்றிவிட்டார் போலும். இன்றுவரை ஒற்றை டிக்தான்.

படத்தை மகளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"எவ்வளவு வடிவா இருக்கிறீங்கள்! ஆரம்மா எடுத்தது?"

எதிர்ப் பல்கனியின் கதவு பூட்டியிருந்தது. அணில் அந்தக் கம்பியில் குந்தி, கச்சானுக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது.