தோட்டவாசி அல்லாத ரத்தினம்மா

வத்தேகம பஸ் நிலையத்துக்கு எதிரே பத்திரிகை விற்கும் பளீல் நான். மற்றவர்கள் எழுதியதை விற்றுத்தான் இத்தனை வருஷமும் சாப்பிட்டேன். நானாக ஒன்றும் எழுதியவனில்லை. இப்போது பேனாவைத் தூக்கியிருக்கிறேன் என்றால் அதற்கு வயிற்றெரிச்சல்தான் காரணம்.

ரத்தினம்மாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மடுல்கெல்லப் பக்கத் தோட்டமொன்றின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, இன்றும் அதே லயத்தில் குடியிருப்பவர். தோட்டத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. என் செலவில் அதற்கு விளம்பரம் எதற்கு? கணவர் ராஜலிங்கம் அங்கே தேயிலை பெக்டரியில் வேலை செய்கிறார், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வீட்டுக்கு வேண்டிய கோபம் முழுவதையும் ரத்தினம்மாவே பட்டுக்கொண்டார். எங்கள் தெருவிலுள்ள புடவைக் கடையில் அவருக்கு வேலை. காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் கடை திறக்கும்வரை என் கடைத் தட்டியருகே நின்று, கொழும்பிலிருந்து வரும் நான்கு தமிழ்ப் பத்திரிகைகளிலும் வாசகர் கடிதப் பக்கத்தை மட்டும் பார்ப்பார். பிறகு ஒன்றை வாங்குவார்.

"மத்த மூணும் சும்மா பாத்ததுதானே நானா" என்பார், என்னை அண்ணன் முறையில் கூப்பிட்டு. நானும் சிரித்துவிட்டு விடுவேன். எனக்கு அது பழகிப்போன நட்டம்.

பார்ப்பது அவருடைய கடிதம் வந்திருக்கிறதா என்றுதான். கொழுந்து எடுக்கும் பெண்கள் மூட்டையோடு நின்றால் பஸ்காரர் நிறுத்தாமல் போகிறார் என்று எழுதினார். சந்தையில் பெண்களுக்கான கழிப்பறையை எப்போதும் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். அந்தக் கடிதம் வந்த வாரம் பூட்டைத் திறந்தார்கள். அடுத்த வாரம் மறுபடி பூட்டினார்கள், ரத்தினம்மாவும் மறுபடி எழுதினார். ஒரே கடிதத்தை நாலு இடத்துக்கும் அனுப்பினால் ஆசிரியர்மாருக்குப் பிடிக்காது. ஒருமுறை ஒரு பத்திரிகை, 'வேறு பத்திரிகைகளுக்கும் அனுப்பப்படும் கடிதங்கள் பிரசுரிக்கப்படமாட்டா' என்று கட்டம் கட்டியே போட்டது. ஆகவே ஒரே குறையை நாலு விதமாக எழுதுவார். ஒருவருக்குக் குட்டிக் கடிதம் வேண்டும், ஒருவருக்குப் பணிவு வேண்டும், ஒருவருக்குத் தலைப்புக் காரமாக இருக்க வேண்டும். நான்காமவர் எதை அனுப்பினாலும் பாதியை வெட்டுவார் என்பதால் அவருக்கு மட்டும் இரண்டு மடங்கு எழுதுவார். அத்தனை கடிதங்களின் கீழும் தன் பெயர், லயத்து இலக்கம், அதில் தன் அறையான காம்பராவின் இலக்கம், தோட்டம், மடுல்கெல்ல என்று ஒன்று விடாமல் இருக்கும்.

மகள் சந்திரிகா உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணித் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் அவள் கைக்குக் கிடைத்தபோது பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

ஊரில் இருக்கிற நமக்குத் தபால்காரர் வாசலில் வந்து மணி அடிப்பார். தோட்டத்தில் அப்படியில்லை. கடிதம் எல்லாம் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். துரைக்கு வந்தது அன்றே பங்களாவுக்கு ஏறிவிடும். லயத்து ஆட்களுக்கு வந்தது மேசையில் கிடக்கும், பெரிய கிளாக்கருக்கு நினைவு வந்தால் யாரிடமாவது கொடுத்து அனுப்புவார். சுதந்திரம் கிடைத்து எத்தனை அரசாங்கம் மாறியும் இது மாறவில்லை. கண்டியிலிருந்து வருகிற ஒரு கடிதம் தோட்டத்து மேசையில் கிடந்து ஒரு பிள்ளையின் படிப்பைத் தின்கிறது, கேட்க நாதியில்லை.

ரத்தினம்மா ஆபீசுக்குப் போய்க் கேட்டார். பெரிய கிளாக்கர் தலையைக் கூட நிமிர்த்தவில்லையாம்.

"வந்து சேந்திருச்சில்ல, அதுக்குச் சந்தோசப்படும்மா."

தாயும் மகளும் கண்டிக்குப் போய், தாதிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் திணைக்களத்தில் முறையிட்டார்கள். வகுப்புத் தொடங்க இன்னும் காலம் இருக்கிறது, தாமதத்துக்குத் தோட்டம்தான் காரணம் என்று தெரிந்தால் இன்னொரு நேர்முகம் தரலாம், தோட்டத்திடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றார் அங்கிருந்த அதிகாரி. தன் பிழையைத் தானே எழுதிக் கொடுக்கப் பெரிய கிளாக்கருக்குப் பைத்தியமா?

ஆகவே ரத்தினம்மா பத்திரிகைகளுக்கு எழுதினார். இந்த முறை நாலு கடிதத்திலும் தோட்டத்தின் பெயர் விலாசத்தில் மட்டுமல்ல, குற்றச்சாட்டிலும் இருந்தது, நடந்தது அப்படியே இருந்தது. அச்சில் வந்தால் தோட்டம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. தபால் பெட்டியில் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். குரங்குத் தொல்லை பற்றிய கடிதம் வந்தது. தேர்த் திருவிழாவைப் பாராட்டிய கடிதம் வந்தது. ரத்தினம்மாவின் கடிதம் மட்டும் நாலிலும் வரவில்லை. காலையில் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கே பத்திரிகைக் கட்டை அவிழ்க்க மனமில்லாமல் போயிற்று.

கொழும்பில் ஒரு பத்திரிகையின் விநியோகப் பகுதியில் எனக்குத் தெரிந்தவர் இருந்தார். அவரைத் தொலைபேசியில் பிடித்து விசாரிக்கச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது. பஸ், குரங்கு என்று எழுதினால் அப்படியே போடுவார்களாம். ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டினால், எழுதியவர் உண்மையாகவே அந்த விலாசத்தில் இருக்கிறாரா என்று கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார்களாம், பதில் வந்தால்தான் அச்சுக்குப் போகுமாம். ரத்தினம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறார்கள், பதில் இல்லை.

எங்கே அனுப்பினார்கள்? தோட்டத்து ஆபீசுக்கு! கடிதம் கொடுக்காத ஆபீஸ் மீது முறைப்பாடு எழுதியவருக்கு அந்த ஆபீஸ் மூலமே கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் படித்த ஆசிரியர்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் தொலைபேசியை வைத்த சத்தம் பக்கத்துக் கடைக்குக் கேட்டது.

ரத்தினம்மாவிடம் சொன்னேன். "தங்கச்சி, என்ட கடை அட்ரஸ குடுங்களே. கடுதாசி வந்தா நான் பத்திரமா வெச்சித் தாரன். தோட்டத்து ஆக்கள் முக்காவாசிப் பேரும் டவுன்ல ஒரு கடை அட்ரஸத்தானே குடுக்கிய."

"நான் என்னா ஒங்க கடையிலயா குடியிருக்கேன்?" என்றார். "எனக்கு வீடு இருக்கு நானா. அந்த வீட்டுக்குக் கடுதாசி வரணும்னுதானே எழுதுறேன். அதுக்கே இன்னொருத்தர் அட்ரஸ் போட்டா அப்பறம் நான் என்னாத்துக்கு எழுதணும்?"

அதற்குப் பதில் சந்திரிகாவிடம் இருந்தது. அடுத்த நாள் அம்மாவோடு அவளும் வந்து இறங்கினாள்.

"அம்மா, ஒங்க சண்டைய நாளைக்கும் போடலாம். வகுப்பு நாளைக்கு இருக்காதும்மா" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ரத்தினம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார். என் மேசையிலேயே உட்கார்ந்து நாலு கடிதத்தையும் மறுபடி எழுதி, கீழே என் கடை விலாசத்தைப் போட்டார். பேனா தாளில் ஓட்டை போடும் அளவுக்கு அழுத்தினார்.

பிறகு எல்லாம் மின்னல் வேகம். 'உறுதிப்படுத்தவும்' என்று கொழும்பிலிருந்து கடிதங்கள் என் கடைக்கு வந்தன, அன்றே பதில் போட்டார். அந்த வாரத்திலேயே நாலு பத்திரிகையிலும் வந்துவிட்டது. வெட்டுகிறவர்கூட இந்த முறை அதிகம் வெட்டவில்லை. எல்லாவற்றின் கீழும் 'திருமதி ரத்தினம்மா ராஜலிங்கம், பிரதான வீதி, வத்தேகம' என்று இருந்தது. சந்தோஷத்தில் நான் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். ரத்தினம்மா மட்டும் விலாசத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

பத்து நாளில் தோட்டத்தின் மறுப்பு வந்தது. 'கடிதத்தை எழுதிய திருமதி ரத்தினம்மா, அவரே தந்துள்ள விலாசத்தின்படி வத்தேகம நகரவாசி. எமது தோட்டவாசி அல்லர். வெளியாரின் இத்தகைய குற்றச்சாட்டுகள் அடிப்படையற்றவை. எமது தோட்டத்தில் கடிதங்கள் அன்றன்றே உரியவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன.'

நாலு பத்திரிகையிலும் ஒரே மறுப்பு, எழுத்துக்கு எழுத்து ஒரே கடிதம். ஒரே கடிதத்தைப் பல இடத்துக்கு அனுப்பக்கூடாது என்ற சட்டமெல்லாம் புடவைக் கடைப் பெண்ணுக்குத்தான் போலிருக்கிறது. எல்லாவற்றின் அடியிலும், 'இவ்விவாதம் இத்துடன் நிறைவு பெறுகிறது' என்று ஆசிரியர் குறிப்பு வேறு. அடித்தவன் பேசி முடித்ததும் பஞ்சாயத்தைக் கலைத்துவிட்டார்கள்.

ரத்தினம்மா நின்றபடியே நாலையும் வாசித்தார். "பேனா தாங்க நானா" என்றார். கொடுத்தேன். விற்பனைக்கு வைத்திருந்த கட்டை இழுத்து, ஒவ்வொரு பிரதியிலும் அந்த மறுப்பின் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். 'இது பொய். நான் லயத்தில்தான் இருக்கிறேன். வந்து பாருங்கள். ரத்தினம்மா.'

"என்ன தங்கச்சி செய்யிற? இத இனி ஆரு வாங்குவாங்க?" என்று பதறினேன்.

"வாங்காட்டிப் போகட்டும். நாட்டுக்கெல்லாம் என்னய வீடில்லாதவளுன்னு சொல்லிட்டானுக."

நான் தடுக்கவில்லை. அன்று மடுல்கெல்ல பஸ்ஸுக்குப் போன சனம் அந்தப் பிரதிகளைத்தான் முதலில் கேட்டு வாங்கியது. அன்று இரவு நானும் முதன்முதலாக ஒரு கடிதம் எழுதினேன். 'மேற்படி ரத்தினம்மா என் கடையில் குடியிருக்கவில்லை, நானே கடைக்காரன், எனக்குத் தெரியாதா?' என்று எழுதி நாலுக்கும் அனுப்பினேன். விவாதம்தான் நிறைவு பெற்றுவிட்டதே, ஒருவரும் போடவில்லை.

பத்திரிகையைப் பார்த்துவிட்டுத் திணைக்களத்திலிருந்து வரச்சொல்லி என் கடைக்குக் கடிதம் வந்தபோது, சாட்சிக்கு இருக்கட்டும் என்று நானும் கண்டிக்குப் போனேன். அதிகாரி சந்திரிகாவின் கோப்பைத் திறந்தார். மேலே தோட்டத்தின் மறுப்பைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள்.

"விண்ணப்பத்தில் ஒரு விலாசம், பத்திரிகையில் இன்னொரு விலாசம்" என்றார். "நீங்கள் தோட்டத்தில் இல்லாதபடியால்தான் கடிதம் பிந்தியிருக்கிறது. அதற்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது."

ரத்தினம்மா அடையாள அட்டையை மேசையில் வைத்தார். அதிகாரி எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பழைய விலாசமாக இருக்கலாம்" என்று திருப்பித் தந்தார்.

"ஐயா, அந்தக் கடை என்ட கடை. இவங்க அங்க இல்ல" என்றேன் நான்.

"அப்படியென்றால் பத்திரிகைக்கு ஏன் பொய் விலாசம் கொடுத்தீர்கள்?"

ரத்தினம்மாவின் குரல் உடைந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

"பேப்பர்ல வந்தத நம்புறீங்க, நேர்ல வந்து நிக்கிற என்னய நம்ப மாட்டீங்களா? அந்தப் பேப்பருக்கு எழுதினவளே நான்தான்யா!"

அதிகாரி கோப்பை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சந்திரிகா அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். மூவரும் வத்தேகம பஸ்ஸில் ஏறினோம்.

அடுத்த திங்கட்கிழமை கண்டியில் வகுப்புத் தொடங்கியது. அன்று காலை மடுல்கெல்ல பஸ்ஸிலிருந்து தாயும் மகளும் சேர்ந்தே இறங்கி, என்னைத் தாண்டிப் புடவைக் கடைக்குள் இரண்டு பேருமே வேலைக்குப் போனார்கள். ரத்தினம்மா பத்திரிகைப் பக்கம் திரும்பவில்லை. நானும் அன்றைக்கு நாலையும் பிரித்துப் பார்க்காமலே விற்றேன்.