நீலமாகிப்போன இரண்டு குப்பிகள்

“வீட்ல நாய் இருக்கா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இருக்கு” என்றார் அப்பா.

“மாடு?”

“மாடு இவ வேலையில. தினம் நாலு தொழுவம் ஏறி இறங்குறா.”

“புல்லு, புதரு?”

“அதுவும் வேலைதான் டாக்டர்” என்று கட்டிலிலிருந்து அத்தை சொன்னாள். காய்ச்சல் வந்து ஐந்தாவது நாள். மணிக்கட்டிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளிகள். “வெள்ளைத் துணிய புல்லு மேல இழுத்துக்கிட்டுப் போவேன். உண்ணிங்க பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி புல்லு நுனியில கால நீட்டிக்கிட்டு நிக்கும். துணி வந்ததும் ஏறிக்கும்.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “உங்களக் கடிச்சது எது?”

“தெரியல. பின்கழுத்துல முடிக்குள்ள இருந்துது. எங்கண்ணன் மகதான் எடுத்தா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

“சரி, உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். ரத்தத்துல இப்போ பார்த்தா தெரியாமப் போகலாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பார்க்கணும்.”

“அப்போ நோய் இருக்குங்கறீங்களா, இல்லைங்கறீங்களா?” என்றார் அப்பா.

“இருக்குன்னு வச்சுக்கிட்டு மருந்து கொடுக்கறேன்.”

அப்பாவுக்கு இது பிடிபடவில்லை. டாக்டரம்மா நகர்ந்ததும், “நாயக் கொண்டுபோய் விட்டுடறேன்” என்றார்.

“அண்ணே, அது என்ன பண்ணுச்சு? என்னைக் கடிச்சது பாட்டில்ல இருக்கு. சீட்டும் போட்டிருக்கு. பாத்துட்டுப் பேசு.”

“சரி. உன்னைக் கடிச்சது நாய் உண்ணின்னா நாய் வெளிய. மாட்டு உண்ணின்னா நான் வாயே திறக்கல. போதுமா?”

அத்தை கால்நடை ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்தவள். துணி இழுப்பவர் ஒருவர் விடுப்பில் போன வாரத்தில் அந்த வேலைக்கு மாறினாள்; பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு அவள் வந்தால் பால்காரர்கள், “உண்ணியக்கா வந்தாச்சு, மாட்டப் பிடிங்கடா” என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடம், “உண்ணி பொறுக்குறேன்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர்கள் டீயைக்கூடத் தொடவில்லையாம். “நல்லவேளை, டீத்தூள் மிச்சம்” என்பாள்.

உண்ணிகளைப் பற்றி அண்டை வீட்டாரைப் பேசுவதுபோலத்தான் பேசுவாள். சாதாரண மாட்டு உண்ணி, ஏறிய மாட்டைவிட்டுக் கடைசிவரை இறங்காது, சொந்த வீட்டுக்காரன் மாதிரி. நாய் உண்ணி ஒவ்வொரு முறை குடித்ததும் இறங்கிச் சுவர் விரிசலில் பதுங்கும்; தோல் உரித்துவிட்டு வேறொரு நாயைத் தேடும், வாடகைக்காரன். காலில் வெள்ளை வளையம் போட்ட ஒரு வகை உண்டு. அது பெரிதானால் மாட்டைத் தேடிப் போகும், ஆள் நடந்தால் பின்னாலேயே ஓடிவரும். “அதுக்கு வெக்கமே கிடையாது” என்பாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அத்தை கறார். உண்ணியைச் சாராயத்தில் போடும்போது, எதன் மேல், எங்கே, என்றைக்கு எடுத்தது என்று சீட்டில் பென்சிலால் எழுதி, சீட்டையும் குப்பிக்குள்ளேயே போட வேண்டும். இது எனக்கும் தெரியும். நூறு முறை பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் தொடங்கிய அன்று சாயங்காலம் நாயின் காதிலிருந்து ஒரு உண்ணியை எடுத்து மூடிவைத்த கையோடு, தலைவலி என்று படுத்துவிட்டாள். என் கழுத்தப் பாரு என்றாள். பார்த்தேன், இருந்தது. இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். வந்தது. அருவருப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இன்னொரு குப்பியில் போட்டேன். பென்சில் முனை ஒடிந்திருந்தது. என் புதுப் பேனாவால் இரண்டு சீட்டுகளையும் எழுதினேன், அழகாக, இரண்டு மொழியிலும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தால், இரண்டு குப்பிகளிலும் சாராயம் வெளிர்நீலமாக இருந்தது. சீட்டுகள் வெறுமை. இரண்டு மொழியும் கரைந்துபோயிருந்தன.

எது வலது பக்கம் இருந்தது? ஃப்ரிட்ஜ் கதவை எத்தனை பேர் திறந்தார்களோ. பெரியதாக இருந்தது எது? என் விரல்களுக்கு இடுக்கியின் குளிர் நினைவிருக்கிறது, உண்ணி நினைவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி பார்ப்பவர் இரண்டையும் பார்த்தார். “இது நாய் உண்ணி. அது வளையக்கால், மாட்டத் தேடிப் போற வகை. சந்தேகமே இல்ல.”

“அத்தையக் கடிச்சது எது?”

“அத நீதாம்மா சொல்லணும். வகைய நான் சொல்லிடுவேன். யார் மேல இருந்துச்சுன்னு அது எங்கிட்ட சொல்லாது.”

“வளையக்கால் நாய் மேல ஏறுமா?”

“உங்க நாய்தான் அக்கா பின்னாலயே புல்லுக்குள்ள சுத்துது. ஏறலாம்.”

“நாய் உண்ணி ஆளக் கடிக்குமா?”

“அதுக்குப் பெரும்பாலும் நாய்தான் வேணும். கடிக்காதுன்னு சொல்ல முடியாது.”

எதைக் கேட்டாலும் பதில் இரண்டு பக்கமும் போனது. வீட்டு வாசலில் அப்பா நாய்ச்சங்கிலியைக் கையில் சுற்றியபடி, “என்ன போட்டிருக்கு?” என்றார். வளையக்கால் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நாய் என் செருப்பை முகர்ந்தது. “அத்தை வரட்டும்” என்றேன்.

மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாள் அத்தை வீடு வந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. எது கேட்டது, மாத்திரையா, நாட்களா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. குப்பிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “பேனாவா?” என்றாள். தலையாட்டினேன்.

“வளையக்கால்னு எழுதிடட்டுமா அத்தை? அதுவாக்கூட இருக்கலாமே.”

அத்தை நாயின் தலையைத் தடவிக்கொடுத்தாள். இப்போது அந்த நாய் பால்காரர் கொட்டகையில் இருக்கிறது. சுவர் விரிசல்களுக்கெல்லாம் மருந்தடித்து, இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகு பார்க்கலாம் என்கிறார் அப்பா. அத்தை தினமும் போய் அதன் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருகிறாள். அங்கே அதற்கு நாய் உண்ணியும் ஏறும், மாட்டு உண்ணியும் ஏறும். அங்கே விட்டது சரியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வீடு வந்த அன்றைக்கு அத்தை ஒரு பென்சிலைச் சீவி, இரண்டு துண்டுக் காகிதங்களோடு என் முன்னால் வைத்தாள்.

“எனக்காக ஒண்ணு பண்ணும்மா. ரெண்டுலயும் ‘தெரியவில்லை’ன்னு எழுதிப் போடு. எங்கண்ணன் கேட்டா அதையே படிச்சுக் காட்டு.”