மாலையும் கான்வாஸ் ஷூவும்

எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் மாஸ்டரை வேலையை விட்டு நீக்கியது நியாயமா என்று பழனியில் அந்த வருஷம் பேசாத ஆள் இல்லை. அடிவாரத்துக் கடைகளில், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கல்லூரி மரத்தடியில் எல்லாம் இதே பேச்சுதான். நியாயம்தான் என்று வாதாடியவர்களில் என் குரல்தான் உரக்கக் கேட்கும். பெஞ்சைத் தட்டித் தட்டிப் பேசுவேன். நடந்தது தெரிந்த ஒரே மாணவன் நான் என்பதால் அப்படிக் கத்த வேண்டியிருந்தது.

மாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தங்கமான மனுஷர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பந்தை ஒரு தடவை தவறவிட்டால் திட்டுவார், மறு தடவை கன்னத்தில் விடுவார். ஒரு நாள் விட்ட அறையில் சாயங்காலம் வரை என் காது ரீங்காரமிட்டது. வெள்ளென எழுப்பி, மலையைச் சுற்றிய கிரிவீதியில் ஓடவிடுவார். பாதயாத்திரை வந்த சனங்கள் விலகி நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கும். ஆனால் கல்லும் நெருஞ்சியுமாகக் கிடந்த இடத்தைச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு இழுத்து மைதானமாக்கியதும் அவர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ரோலர் இழுப்பார். நெற்றியில் மட்டும் திருநீறு வைக்க மாட்டார். கோயிலை நம்பி அடுப்பெரிகிற ஊரில் அவர் மேல் விழுந்த முதல் குற்றம் அதுதான்.

அப்பாவுக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அந்த மாசியில் கால் இரண்டும் வீங்கி, மூச்சுவிட முடியாமல் படுத்துவிட்டார். டாக்டர் கையை விரித்த அன்று அம்மா வேண்டிக்கொண்டாள். பங்குனி உத்திரத்துக்கு மகன் பால்காவடி எடுப்பான், இவரைப் பிழைக்க வைத்தால் போதும் என்று. எனக்கு மாலை போட்டார்கள். ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, உத்திரம் முடிகிற வரை காலில் எதுவும் போடக் கூடாது.

"வெரதத்துல ஒரு கொறையும் வந்துரக் கூடாதுப்பா. அப்பா உசுரு உன் கால்லதான் இருக்கு" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்துத்தான் கொடைக்கானலில் பந்தயம் வந்தது. அப்பாவே போய்வரச் சொன்னார். ஆறு பேர் போனோம். காலையில் மைதானத்துக்குப் போனால் தரை முழுவதும் சிமெண்டு, அதன் மேல் மேகம் இறங்கி ஈரமாகக் கிடந்தது. வெறுங்காலை வைத்ததும் ஐஸ் கட்டியில் மிதித்த மாதிரி உள்ளங்கால் மரத்துப்போனது. மாஸ்டர் என் காலைப் பார்த்தார், கழுத்து மாலையைப் பார்த்தார்.

"இந்தத் தரையில வெறுங்காலோட எறங்கினா முட்டி பேந்துரும்லே. நீ உக்காரு. உன்னைய ஒருத்தனும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

அடிப்பார் என்று பயந்திருந்த எனக்கு அதைக் கேட்டதும் அழுகை வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து பேரும் ஆடினார்கள். பாதி ஆட்டத்துக்கு மேல் எங்கள் ஆள் ஒருவன் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அங்கிருந்தவர்கள் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அந்தக் கான்வாஸ் ஷூ என் எதிரிலேயே கிடந்தது.

"நாலு பேரு ஆடட்டும். தோத்தாத் தோத்துட்டுப் போறோம்" என்றார் மாஸ்டர்.

தோல்வி என்ற சொல்லையே பொறுக்காத மனுஷர் அப்படிச் சொன்னார். நான் பொறுக்கவில்லை. குனிந்து ஷூவை மாட்டினேன். அவர் என் தோளைப் பிடித்தார்.

"ஏலே, யோசிச்சுக்கோ. வீட்டுல கேட்டா என்ன சொல்லுவ?"

"நான் பாத்துக்கிறேன் சார்."

அந்தப் பெஞ்சருகே நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். கடைசி நிமிஷத்தில் நான் போட்ட பந்தில் ஜெயித்தோம். அது வளையத்துக்குள் இறங்கியபோது எனக்கு அப்பாவின் நினைவு துளியும் இல்லை. எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் மாற்றிச் சொல்ல வராது. அங்கேயே ஒரு போட்டோக்காரர் எங்களை நிற்க வைத்துப் படம் பிடித்தார்.

ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் அப்பா இறந்துபோனார். என் மாலையைக் கழற்றிய பிறகுதான் கொள்ளிச் சட்டியைக் கையில் கொடுத்தார்கள். தீட்டு வீட்டில் காவடி எடுக்க முடியாது. வாங்கி வைத்த காவடி துணி சுற்றியபடி மூலையில் கிடந்தது. காரியம் முடிந்த வாரம் அந்தப் போட்டோ தபாலில் வந்து கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஏறியது. கழுத்தில் மாலை, காலில் ஷூ, முகம் நிறையச் சிரிப்பு. யாரோ பார்த்துவிட்டுப் போய் என் தாய்மாமாவிடம் சொல்லிவிட்டார்கள்.

மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார். "ஏ மாப்ள, மாலையைப் போட்டுக்கிட்டு எவன் சொல்லி ஷூவ மாட்டுன?"

மூலையில் அம்மா சுருண்டு உட்கார்ந்திருந்தாள். வெறும் நெற்றியோடு அவளை அப்போதுதான் நேராகப் பார்த்தேன். நானேதான் போட்டேன் என்றால் அப்பாவைக் கொன்றவன் நான் என்று அவள் நம்பிவிடுவாள். எனக்கே அந்த நம்பிக்கை வந்திருந்தது.

"மாஸ்டர்..." என்றேன்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மீதியை மாமா சொல்லிக்கொண்டார், சாயங்காலத்துக்குள் ஊர் சொல்லிக்கொண்டது. சாமி இல்லை என்கிறவன் வேண்டுமென்றே விரதத்தைக் கெடுத்தான், ஒரு குடும்பத்தின் தாலியை அறுத்தான் என்று ஆனது. அடி வாங்கின பையன்கள் எல்லாம் கன்னத்தைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்கள். கோப்பை வாங்கித் தந்தவரை விரட்டுவதா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். "மாஸ்டர் சம்சாரம் மாசமா இருக்கு. இப்பப் போயி வேலையப் புடுங்கினா எங்க போவாரு?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கல்லூரிக் கமிட்டிக்காரர்கள் பிரின்சிபால் அறையில் கூடினார்கள். ஒரு பக்கம் மாமா, எதிரே மாஸ்டர். நான் என்ன சொன்னாலும் அது விளக்கு வைக்கும் முன் அம்மா காதுக்குப் போய்விடும்.

"தம்பி, பயப்படாமச் சொல்லுங்க. ஷூவப் போடச் சொன்னது யாரு?" என்றார் பெரியவர் ஒருவர்.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் நம்பிக்கையோடு பார்த்தார். பிறகு அவருக்கு வியர்த்தது. ஒருகட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"வாயத் தொறந்து சொல்லுலே!" என்று கத்தினார். கை ஓங்கியிருந்தது.

"பாத்தீங்களா, நம்ம முன்னாடியே இப்படி" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்தக் கையால்தான் அவர் வேலை போனது என்று பிறகு வாதாடினேன். கை ஓங்கும் வரை அவரை நிற்கவிட்டவன் யார் என்று யாரும் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

மாஸ்டரும் மனைவியும் ஊரைவிட்டுப் போன காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அவர் மனைவி. மாஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"ஒரு வார்த்தைதான்லே கேட்டேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. காலில் விழ வந்தவன் நின்ற இடத்திலேயே நின்றேன். அவர் போய் மனைவியைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றினார்.

அன்றிலிருந்து மூன்று வருஷம், அவரை நீக்கியது சரிதான் என்று எவனிடம் வேண்டுமானாலும் சண்டைக்கு நின்றேன். அடித்தார், திட்டினார், கை ஓங்கினார் என்று அடுக்குவேன். அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அதற்காக அவரை நீக்கவில்லை. சாப்பாடு இறங்காது, படுத்தால் சிமெண்டுத் தரையில் பந்து தட்டுகிற சத்தம். அப்பாவையும் கொன்று ஒரு குடும்பத்தையும் தெருவில் விட்டவன் உயிரோடு இருந்து என்ன சோலி என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மூன்றாவது வருஷம் பங்குனியில், தெருவெல்லாம் காவடி போய்க்கொண்டிருந்த ஒரு பகலில், அடுப்படியில் அம்மா முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நானாகத்தான் போட்டேன், அவர் வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை என்று தேம்பினேன்.

அம்மா நறுக்கிக்கொண்டிருந்த வாழைக்காயைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கே தெரியும்ப்பா. யாரு சொல்லி நீ கேட்டிருக்க? மாமா கேட்டப்ப நீ என்னையத் திரும்பிப் பாத்தியே, அப்பவே தெரியும்."

"பின்ன ஏம்மா சொல்லல?"

"பெத்த புள்ளைய ஊரு தூத்துமேன்னு நானும் வாயத் தொறக்கல."

வெளியே மேளம் கடந்து போனது. பிறகு அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த வாத்தியாரு சம்சாரத்துக்கு என்ன புள்ள பொறந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அவர்கள் எந்த ஊருக்குப் போனார்கள் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.