பாலைப்பால்

மல்லாவிச் சந்தையில் வாங்கிய பாலைப்பழத்தைத் தின்றுவிட்டு உதடு ஒட்டுகிறதென்று மகள் சிணுங்க, எனக்கு நெடுங்கேணிக் காடு நினைவில் எழுந்தது. பழக்காலத்தில் அப்பா ஒரு இலைக்குழை முறித்து, காவலுக்கு ஐயனாரை வேண்டி வழியோர மரத்தில் தொங்கவிட்ட பிறகுதான், அம்மாவும் தங்கையும் நானும், மயில் அகவினால் நின்று, குரங்கு தாவினால் நின்று, பழம் மென்றபடி உள்ளே நடப்போம்.

ஒருநாள் பாலைமரம் ஒன்றின் கீழே பழத்தோடு கொப்புகள் கிடந்தன. யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று நானும் தங்கையும் குந்தியிருந்து தின்றோம். அம்மா ஒரு கொப்பைத் திருப்பிப் பார்த்தார். கத்தி படாத முறிவு, பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“பிள்ளையள், மேல பாக்காதேங்கோ. மெல்லமா பின்னால வாங்கோ,” என்றார் அப்பா.

நான் பார்த்தேன். இலைகளுக்குள் கரடி, அது பழம் சப்பும் சத்தம்கூடக் கேட்டது. கத்த முயன்றேன், பாலைப்பால் உதடுகளைப் பூட்டியிருந்தது. ஐயனாரின் குழை தென்படும்வரை பின்பக்கமாகவே நடந்தோம்.

மகளின் உதட்டில் தேங்காயெண்ணெய் தடவியபடி இதைச் சொல்லி முடித்தேன்.

“என்னையும் அங்க கூட்டிக்கொண்டு போங்கோ, அம்மா.”

இப்போது அங்கே எவ்வளவும் கத்தலாம். கரடி இறங்க ஒரு மரமில்லை. குழை முறிக்க ஒரு கொப்பில்லை.