போன் அக்காவின் முதல் வரி

அந்த வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கும் அவர் மனைவிக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. இருவரும் ஒரே சர்வீஸ் சென்டரில்தான் இருந்தார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்ப்பார். மனைவி சென்டரில் உட்கார்ந்து புகார் போன்களை எடுப்பார். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பெயர் போன் அக்கா. முதலாளி வயதாகிவிட்டது என்று கடையைச் சாத்தியதும், ஒரே வீட்டின் இரண்டு சம்பளமும் ஒரே மூச்சில் நின்றுபோயின.

சும்மா சொல்லக்கூடாது, இருவரும் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. அழுது தீர்த்த கையோடு போனில் வேலை தேடும் தளம் ஒன்றைத் திறந்தார்கள். திறந்த விதம்தான் கோளாறு. வீட்டில் இருந்தது ஒரே செல்போன். தளமோ ஒரு நம்பருக்கு ஒரு பக்கம்தான் என்றது.

"அதுக்கென்ன, வீடு ஒண்ணுதானே, பக்கமும் ஒண்ணா இருந்துட்டுப் போகுது" என்றார் மெக்கானிக்.

அவர் பெயர், அதன் கீழே அவருடைய அனுபவம், அதற்கும் கீழே அக்காவின் அனுபவம். படத்துக்கு, இருவரும் தோளோடு தோள் உரச நிற்கும் போட்டோ. ஸ்டூடியோ வாசலில் கண்ணாடி போட்டு மாட்டலாம், அவ்வளவு அழகு. வேலைக்குத்தான் உதவாது.

அதோடு விட்டார்களா? பல் தேய்த்த கையோடு விண்ணப்பம் போட உட்கார்ந்துவிடுவார்கள். கிரேன் ஓட்டுநர், கண் மருத்துவமனை வரவேற்பாளர், நீச்சல் பயிற்சியாளர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சகட்டுமேனிக்கு ஒரு தட்டு. மெக்கானிக்குக்குக் குளியலறை வாளியைத் தாண்டித் தண்ணீர்ப் பழக்கம் கிடையாது. "போட்டு வைப்போம், எதுலயாவது மாட்டாதா" என்பார். தளமும் சளைக்காமல் 'உங்களுக்குப் பொருத்தமான வேலைகள்' என்று எதையாவது அனுப்பிக்கொண்டிருந்தது. பொருத்தமாம், பொருத்தம்! மனிதக் குரல் ஒன்றுகூட வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தங்கை வந்தாள். ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். இந்த மாதிரித் தளங்களில் வந்து குவியும் விண்ணப்பங்களைப் பார்த்துத் தள்ளுவதே அவள் பிழைப்பு. இவர்கள் பக்கத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, இதைப் பார்க்கிறவங்க உங்களை எடுக்கணுமா, அக்காவை எடுக்கணுமா? இல்ல, ரெண்டு பேரையும் ஒரே நாற்காலியில உக்கார வைக்கணுமா?"

மெக்கானிக் அசடு வழிந்தார்.

"நாங்க ஒரு ஆளைப் பார்க்கிறது கொட்டாவி விடற நேரம்தான் மாமா. இவர் என்ன செய்வார்னு முதல் வரியிலேயே தெரியணும். தெரியலைன்னா கை தானா அடுத்த ஆளுக்குப் போயிடும். நீச்சல் கத்துத் தர்றேன்னு போட்டவரை மெஷின் ரிப்பேருக்கு யாரு நம்புவா?"

அன்றே ஒரு புது சிம் வாங்கித் தன் பழைய போனில் போட்டு அக்காவிடம் கொடுத்தாள். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு நம்பர். தெரிந்த வேலையின் பெயரைப் போட்டு, போய்வரக்கூடிய தூரத்தை மட்டும் குறித்துத் தேடக் கற்றுக்கொடுத்தாள். அந்த மாதிரி வேலை புதிதாக வந்தால் போன் மணியடிக்கும்படி செய்தாள். அடித்த அன்றைக்கே போட்டுவிட வேண்டும், அவர்கள் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று முழுசாகப் படித்துவிட்டுப் போட வேண்டும் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னாள்.

"இப்ப முதல் வரி. மாமா, உங்க வேலையில மத்தவங்ககிட்ட இல்லாதது என்ன?"

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே நடை. போனா சரி பண்ணிட்டுத்தான் வருவேன். பார்ட்ஸ் எடுத்துட்டு வரேன்னு திரும்பி வந்த பேச்சே கிடையாது."

"அடேயப்பா, இது போதும் மாமா!" என்று அதையே முதல் வரியாக ஏற்றினாள். "அக்கா, உனக்கு?"

"எனக்கென்னடி? போன் எடுப்பேன்."

தங்கை எவ்வளவோ நோண்டினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. மெக்கானிக் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனோ தன் முதல் வரியைத் திரும்பத் திரும்பப் படித்து வாயெல்லாம் பல்லாக இருந்தார். அக்காவின் பக்கத்தில் 'தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசுவேன்' என்று மட்டும் ஏறியது.

அதன் பிறகு மெக்கானிக்கின் போன் அடித்தது. அக்காவின் போன் அடிக்கவே இல்லை. ஆரம்பத்தில் அடுப்படிக்கும் அதைக் கையோடு எடுத்துப்போன அக்கா, போகப் போக அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டார்.

"இந்த வயசுல போன் எடுக்க யாருக்குங்க ஆள் வேணும்? நீங்க போனா போதும். நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் ஊரார் பேச்செல்லாம் காதில் வாங்கியே பழகிய மனுஷி, அந்த வீட்டில் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டார். மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை ஒரு சர்வீஸ் கம்பெனி ஒருநாள் வேலை பார்த்துக் காட்டச் சொன்னது. கையில் கொடுத்த சீட்டில் முகவரியும் 'சத்தம் வருகிறது' என்ற ஒரு வரியும்தான் இருந்தன.

"என்ன சத்தம்? எப்ப வருதாம்?" என்று கேட்டார்.

சீட்டு கொடுத்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "போய்ப் பார்த்தா தெரியப்போகுது."

பெல்ட்டாகத்தான் இருக்கும் என்று ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த வீட்டில் மெஷினை ஓடவிட்டதும் கடகடவென்று ஓர் இரைச்சல். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கை தானாகச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அக்காவின் நம்பருக்குப் போட்டது. "கொஞ்சம் கேளேன்" என்று மெஷின் பக்கம் நீட்டினார்.

அக்கா கேட்டார். "தண்ணி வெளியேறும்போது வருதா, பிழியும்போது வருதா? துணியை எடுத்துட்டு ஓட விடுங்க. வேகம் ஏற ஏற இரைச்சலும் ஏறுதா?"

"ஏறுதும்மா."

"அப்ப பேரிங்தான். நான் வெச்சிருப்பேனே பையில..." என்று தொடங்கி அக்கா நிறுத்திக்கொண்டார்.

பையில் பேரிங் இல்லை. யார் வைத்திருக்க முடியும்? பழைய சென்டரில் புகார் சொன்னவர்களை எல்லாம் இப்படிக் குடைந்து குடைந்து கேட்டு, இன்னதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, அதற்கான பார்ட்ஸை அவர் கிளம்புவதற்கு முன்பே பையில் போட்டுவைத்தவர் அக்கா. மெக்கானிக் போவார், மாட்டுவார், பாராட்டை வாங்கிக்கொண்டு வருவார். அன்று அவர் பேரிங் எடுத்துவரக் கம்பெனிக்குத் திரும்பி நடந்தார். முகம் சிவந்தது வெயிலால் மட்டும் இல்லை.

கம்பெனி அவரை எடுத்துக்கொண்டது. "இங்க எல்லாருமே ரெண்டு நடைதான்" என்று தட்டிக்கூடக் கொடுத்தார்கள். வேலை கிடைத்த மனுஷன் கிடைக்காதவர் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார். நேரே அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து அக்காவின் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார்.

"என்னங்க பண்றீங்க?"

"இரு."

முடித்துவிட்டு நீட்டினார். அக்கா படித்தார். 'புகார் சொல்பவரிடம் பேசியே கோளாறு என்னவென்று கண்டுபிடித்துவிடுவேன். நான் சொல்லி அனுப்பும் மெக்கானிக் ஒரே நடையில் வேலையை முடித்துவிட்டு வருவார்.'

"உங்க வரியைப் பிடுங்கி எனக்குப் போட்டிருக்கீங்களே! பார்க்கிறவங்க உங்களை என்ன நினைப்பாங்க?"

"என் பக்கத்துல அதை வர்ற வழியிலேயே எடுத்துட்டேன். என் வரியா இருந்திருந்தா இன்னிக்கு நான் ரெண்டு நடை நடந்திருப்பேனா? ஊர்ல இருக்கிறவன் புகழ்ந்ததையெல்லாம் வாங்கி வாங்கிப் போட்டுக்கிட்டேன். உன்னுதுன்னு ஒரு நாள் சொன்னேனா? அன்னிக்கு உன் தங்கச்சி கேட்டப்பக்கூட வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்?"

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "விடுங்க. பையில போட்டு அனுப்பும்போது நான் கணக்குப் பார்த்தா அனுப்பினேன்?" என்றார். ஆனால் அந்த வரியை அழிக்கச் சொல்லவில்லை.

புகார் மையங்களில் ஆள் தேவை என்று மணியடித்தபோதெல்லாம், இருவரும் முழுசாகப் படித்து, பொருந்துவதற்கு மட்டும் அன்றைக்கே போட்டார்கள். ஒரு நாள் மதியம், மெக்கானிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் அடித்தது. அக்கா எடுத்தார். ஒரு பெண் குரல் தன் கம்பெனியின் பெயரைச் சொன்னது.

"இருங்க, அவர்கிட்ட தர்றேன்" என்று அக்கா நீட்டினார். மெக்கானிக் சோற்றுக்கையோடு தலையை ஆட்டினார். வாங்கவே மாட்டேன் என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா போனைக் காதுக்குக் கொண்டுபோனார். அந்தப் பெண் அந்த வரியை முழுசாகப் படித்துக் காட்டினாள். மெக்கானிக்குக்கும் கேட்டது.

"பேசியே கண்டுபிடிக்கிறது... அது நீங்கதானாம்மா?"

அக்கா கணவனைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார். "அது நான்தான்."